விரல் தட்டிய அசை

“…அதனாலதான் சொல்றேன் கம்பவுண்டர், பாஷை தெரிஞ்சவங்க இருக்கிற இடத்துல இருக்கிறதுதான் அவங்களுக்கு நல்லது. இங்க ஒரு வாய் தண்ணி கேட்டாக்கூட ஒருத்தருக்கும் விளங்கல. கடற்கரைப் பக்கம் நம்ம பெரிய மடத்துல இத்தாலி பேசுற சிஸ்டர் ஒருத்தங்க இருக்காங்க. அடுத்த மாச முதல் வெள்ளி கழிஞ்சதும் வண்டியோட வர்றேன். அங்க கொஞ்ச நாள் வச்சுப் பார்த்துட்டு, கப்பல்ல அவங்க ஊருக்கே அனுப்பிடலாம்.”

மடத்துத் தலைவியான மதர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். ‘சோறு ஆறுது, சாப்பிடுங்க’ என்கிற குரலில் சொன்னார். அந்தக் குரலை எதிர்த்துப் பேச எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்போது நான் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற சாலையோரம், கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அறுபதுகளின் தொடக்கம். ஒரு மருந்தறை, பெண்களுக்கு ஒரு வார்டு, வாசலில் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. சொந்த ஊர் காரியாபட்டிப் பக்கம். படித்தது எட்டாம் வகுப்பு. இங்கிலீஷை மருந்துப் பாட்டில் லேபிள்களைப் பார்த்தே படித்துக்கொண்டேன். அதனால் ‘குலுக்கிவிட்டுக் குடிக்கவும்’, ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்பதெல்லாம் எனக்கு இங்கிலீஷில் தண்ணீர்பட்ட பாடு. ‘சௌக்கியமா’ என்று கேட்கத்தான் திணறுவேன். போதாததற்கு நான் புராட்டஸ்டண்டு. “நம்ம கம்பவுண்டருக்கு ஜெபம் அந்தக் கோயில்ல, சம்பளம் இந்தக் கோயில்ல” என்று வார்டில் கேலி பேசுவார்கள். பேசட்டும். வலியில் கிடக்கிறவர்கள் கேலி பேசினால் காயம் ஆறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்படி எனக்குச் சொல்லிக்கொடுத்ததே பெரிய சிஸ்டர்தான். மதர் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றது அவரைத்தான்.

பெரிய சிஸ்டர் இத்தாலிக்காரர், அவருக்குக் கீழே நம்ம பக்கத்துச் சின்னச் சிஸ்டர்மார் இரண்டு பேர். இளம் வயதில் கப்பலேறி வந்தவர், வந்த இடத்திலேயே தலை நரைத்துவிட்டது. அவர் தமிழை எந்தப் பண்டிதரிடமும் படிக்கவில்லை, வார்டில் படித்தார். அதனால் அவர் தமிழ் எங்கள் தமிழ். “சாப்பிட்டீகளா? அம்புட்டுத்தானா? இன்னுங் கொஞ்சம் சாப்பிடுங்க” என்பார். தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி மருந்து தீப்பிடித்துக் கையும் முகமும் வெந்து வருகிற பெண்களை வாழை இலையில் கிடத்தி, “வலிச்சா கத்து. யாருக்கு வெக்கம்? நானும் சேந்து கத்துறேன்” என்பார். ஒருமுறை நிஜமாகவே சேர்ந்து கத்தினார். அந்தப் பெண் கத்துவதை விட்டுவிட்டுச் சிரித்துவிட்டாள். ஊருக்குப் போக வேண்டும் என்ற பேச்சு வந்தால் மட்டும் முகம் மாறும். “என் ஊரு எது? இதுதான். செத்தா அந்த வேப்பமரத்துக்கு அங்கிட்டு வச்சிருங்க. கப்பல் எனக்கு ஆகாது, வரும்போதே வாந்தி” என்பார்.

அந்தப் பெரிய சிஸ்டருக்கு ஒரு காலையில், கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வலது கை துவண்டது. சாய்ந்துவிட்டார். விருதுநகரிலிருந்து வந்து பார்த்த டாக்டர் பக்கவாதம் என்றார். ஐந்தாறு நாள் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு நாள் பேச்சு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தனையும் இத்தாலி! தமிழில் ஒரு சொல் இல்லை. நாங்கள் சொல்லும் தமிழும் அவருக்குப் பிடிபடவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கியது. “மேல அடுக்கினதெல்லாம் சரிஞ்சு போச்சு. அடியில இருந்தது மட்டும் நிக்குது. திரும்ப வந்தாலும் வரும், வராமலும் போகும்” என்றார் டாக்டர்.

பிறகு எங்கள் வார்டில் நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. சிஸ்டர் ஏதாவது சொல்வார். உடனே ஒருத்தி தண்ணீர் கொண்டு ஓடுவாள், ஒருத்தி விசிறி, ஒருத்தி பெட்பேன், ஒருத்தி ஜெபமாலை. எல்லாவற்றையும் கட்டிலைச் சுற்றி வைத்துவிட்டு, கடைக்கு வந்தவர் எதை எடுப்பார் என்று பார்ப்பதுபோல் நிற்பார்கள். அவர் எதையும் எடுக்க மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். வார்டு வேலை பார்த்த அக்கா ஒருவர், “என்னமோ கேக்குறாக, நம்ம கிட்ட இருக்கு, குடுக்கத் தெரியல. இதவிடப் பாவம் வேற இருக்கா?” என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பங்குச் சாமியாருக்கு லத்தீன் தெரியும், இத்தாலி அதற்குப் பிள்ளை மாதிரி என்று யாரோ சொன்னார்கள். அழைத்து வந்தோம். அவரும் ஆசையாகத்தான் வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று மெதுவாக லத்தீனில் ஆரம்பித்தார். பெரிய சிஸ்டர் கண்ணை அகலத் திறந்தார். சாகிறவர்களுக்குக் கொடுக்கிற கடைசிப் பூசுதல் என்று நினைத்துவிட்டார் போலும். நல்லாயிருந்த இடது கையால் அவரைத் தள்ளு தள்ளு என்று தள்ளினார். சாமியார் வியர்த்துப்போய் வெளியே வந்து, “நான் நலமா இருக்கீகளான்னுதான் கேட்டேன்” என்றார்.

இப்படிக் கிடக்கும்போதுதான் மதர் வந்து பார்த்துவிட்டு அந்த முடிவைச் சொன்னது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பொறுப்பில் எத்தனையோ ஆஸ்பத்திரி. வாய் திறந்து கேட்டதைப் புரிந்துகொள்ள ஆளில்லாத இடத்தில் ஒரு நோயாளியை வைத்திருப்பது தப்பு என்று அவர் நினைத்தார். நியாயம்தான். ஆனால் அவர் ‘கப்பல்’ என்று சொன்னபோது பெரிய சிஸ்டரின் இடது கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். தமிழெல்லாம் போன இடத்தில் அந்த ஒரு சொல் மட்டும் தங்கியிருந்ததோ, எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாரோ.

அன்று மதரின் வண்டி புழுதிக்குள் மறைந்ததும், சிஸ்டரின் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். உள்ளங்கை அளவில் ஒரு அகராதி இருந்தது. முன்பாதி இத்தாலிக்கு இங்கிலீஷ், பின்பாதி இங்கிலீஷுக்கு இத்தாலி. பாதி ராஜ்யம் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. இங்கிலீஷ் பக்கம் நான், இத்தாலிப் பக்கம் அவர், நடுவில் இந்தப் புத்தகம். வேறென்ன வேண்டும்?

வேண்டியிருந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்க ‘பினெஸ்-டிரா’ என்பேன். விளக்கு என்று சொல்ல ‘லம்பாடா’ என்பேன். அந்தப் பக்கம் சுவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார். நான்காம் முறை கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுவார், டொக், டொக் என்று. “போதும் நிறுத்துங்கிறாக” என்று வார்டு அக்கா சொல்வார். நானும் நிறுத்திவிடுவேன்.

அடுத்த கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் கட்டு வந்தால் அச்சுப் பிசகிய தாளை எல்லாம் பொறுக்கித் தள்ளுகிற வேலை அவளுக்கு. பெட்டி அடுக்கில் தீப்பிடித்து ஒரு கை வெந்துபோய் வந்தவள், ஆறிக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் ஆறவேயில்லை. என்னை ‘அண்ணே’ என்பாள். அகராதியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“என்ன அண்ணே இது, எந்தப் பிரஸ்ல அடிச்சது? பக்கம் பூரா அழுக்கு. இங்க பாருங்க, எழுத்துக்கு அடியில புள்ளி. இங்கன ஒண்ணு, அங்கன ஒண்ணு. எங்க கம்பெனிக்கு இப்படி ஒரு லோடு வந்துச்சுன்னா வண்டியிலருந்து இறக்கவே விடமாட்டோம்.”

பார்த்தேன். உண்மைதான். சில சொற்களில் ஓர் எழுத்துக்கு அடியில் ஊசி முனை அளவு கறுப்புப் புள்ளி. அச்சு நடக்கிற ஊர்ப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு இது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. உருளையை ஒழுங்காகத் துடைக்காவிட்டால் இப்படித்தான் மை தெறிக்கும். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். “வெள்ளைக்காரன் பிரஸ்லயும் துடைக்கிற ஆளு நம்ம ஆளு மாதிரிதான் போலிருக்கு” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

ஒரு மத்தியானம் மருந்து ட்ரே வைக்கிற குட்டி மேஜையைச் சிஸ்டர் காட்டிக் காட்டி என்னவோ சொன்னார். நகர்த்தச் சொல்கிறாரா, அதன்மேல் இருக்கிற எதையாவது கேட்கிறாரா தெரியவில்லை. இங்கிலீஷில் மேஜைக்கு என்ன என்பது தெரியும், அதை வைத்துத் தேடிப் பிடித்தேன். டி, ஏ, வி, ஓ, எல், ஏ. ‘தவோலா?’ என்றேன். நம்ம வாய்க்கு அப்படித்தான் வரும், நடுவில் ஓங்கி, கடைசியில் இழுத்து.

டொக்.

“நிறுத்தச் சொல்றாக அண்ணே.”

நான் நிறுத்தவில்லை. மதர் சொன்ன வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. ‘தவோலா?’ என்றேன் மறுபடியும். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ஒருமுறை அழுத்தினார், நல்ல அழுத்து. பிறகு பிடியைத் தளர்த்தி, மெல்ல இரண்டு தொடுதல். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி அழுத்து, தொடு, தொடு. அந்தக் கை நாடி பார்த்த கை, குழந்தை பிறக்க வைத்த கை, அது சும்மா எதுவும் செய்யாது என்று எனக்குத் தோன்றியது. அழுத்தியபோது ஒன்று, தொட்டபோது ஒன்று, இன்னொன்று என்று பிரித்துச் சொல்லிப் பார்த்தேன். “தா… வொ… ல.”

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது? ஸ்டேஷனில் இறங்கி, கூட்டத்தில் யாரையும் தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்கிறவர் தன் ஆளைக் கண்டுபிடித்தால் ஒரு முகம் வருமே, அது. “தாவொல! சீ, சீ, தாவொல!” என்றார். சீ என்றால் ஆமாம் என்பது மட்டும் ஏற்கெனவே தெரியும். பேச்சு திரும்பி வந்த புதிதில் எங்களை அவர் திட்டுகிறார் என்று நினைத்திருந்தோம்.

மேஜையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் அவர் கேட்டது, கையெட்டுகிற தூரம். அப்புறம் அகராதியைப் பார்த்தேன். அந்தச் சொல்லில் அழுக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். முதல் ‘ஏ’யின் அடியில் உட்கார்ந்திருந்தது. அவர் அழுத்திய அதே இடம்.

“தங்கச்சி, இங்க வா” என்றேன். லேபிள்காரி எட்டிப் பார்த்தாள். விளக்குக்கான சொல்லைத் திருப்பினோம், முதல் எழுத்துக்கூட்டின் அடியில் புள்ளி. ‘லாம்பத’ என்று அங்கே அழுத்திச் சொன்னேன். சிஸ்டர் கையை விளக்கை நோக்கி நீட்டினார். டாக்டருக்கான சொல், முதலில் புள்ளி, ‘மேதிகொ’. சிஸ்டர் வாசலைப் பார்த்தார்.

லேபிள்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அடப் பாவமே! அழுக்குன்னு தள்ளினது அம்புட்டும் அட்சரமால்ல இருக்கு!”

அன்றைக்கு அந்த வார்டில் நடந்த கூத்தைக் கேட்டால் இதை ஆஸ்பத்திரி என்று யாரும் நம்ப மாட்டார்கள். நான் சொல்லைச் சொல்வேன், எல்லாரும் “அழுக்கு எங்கன?” என்று கேட்பார்கள். லேபிள்காரி புத்தகத்தைப் பார்த்து “முதல்ல” என்பாள், சில சொல்லுக்கு “அழுக்கே இல்ல அண்ணே, சுத்தமா இருக்கு” என்பாள். அழுக்கில்லாத சொல்லுக்குத்தான் முதலில் குழம்பினோம். ஆனால் சிஸ்டரின் விரல் இருந்ததே. ஒவ்வொரு சொல்லையும் துண்டு துண்டாகச் சொல்லி விரலைப் பார்ப்போம். புள்ளி இல்லாத சொல்லுக்கெல்லாம் விரல் கடைசிக்கு முந்தின துண்டில் ஓங்கி விழுந்தது. ஒரு தரம்கூட மாறவில்லை. அதுதான் அவர்கள் ஊர் வழக்கம், வழக்கம் மாறினால் மட்டும் புள்ளி. வழக்கமாக வருகிறவனுக்கு எதற்கு அடையாளச் சீட்டு? புதிதாக வருகிறவனுக்குத்தானே வேண்டும்.

துண்டு போடுவதில் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமும் இருந்தது, கொஞ்சம் கஷ்டமும் இருந்தது. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். கட்டிலுக்கு லெத்-தொ, பாலுக்கு லாத்-தெ. பத்து, முத்து என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற வாய்க்கு இதென்ன பெரிய காரியம்? ஆனால் ஜன்னலில்தான் மாட்டிக்கொண்டோம். ‘பி-நெஸ்-திர’ என்று ஸகரத்தை முன்னால் ஒட்டவைத்தே எங்களுக்குப் பழக்கம். சிஸ்டர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். பி-நே-ஸ்த்ர. ஸகரத்தைப் பின்னால் தள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தை இஸ்கூல் என்று சொல்கிற ஆள்கள் நாங்கள், ஸகரத்தில் தொடங்கு என்றால் எங்கே தொடங்குவது? வார்டு அக்கா அரைமணி நேரம் முயன்றுவிட்டு, “எனக்கு ஜன்னல் வேண்டாம், கதவைக் குடுங்க” என்று விலகிக்கொண்டார்.

இன்னொன்றையும் கண்டுகொண்டேன். அழுத்தம் விழுகிற இடத்தில் குரல் கொஞ்சம் நீள்கிறது. மெய்யில் முட்டி நிற்காத துண்டாக இருந்தால் நல்லாவே நீள்கிறது. அப்படியானால் தமிழில் எழுதும்போது அங்கே நெடிலைப் போட்டுவிட்டால் போதுமே, மற்றதெல்லாம் குறில். லேபிள்காரியின் வீட்டார் பார்க்க வரும்போது கழித்துத் தள்ளிய லேபிள்கள் ஒரு கட்டு கொண்டு வந்தார்கள். முன்பக்கம் புலி, மயில், விமானம் என்று படம், பின்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு லேபிளுக்கு ஒரு சொல்லாகத் தமிழில் துண்டு துண்டாக எழுதினேன். அவள் ஒற்றைக் கையால் மைதாப் பசை தடவி ஒட்டினாள். மேஜையில் மேஜை, கட்டிலில் கட்டில், விளக்குத் தண்டில் விளக்கு. தலையணை, தண்ணீர், பசி, குளிர், வெக்கை, வலி என்று தொட்டுக் காட்ட முடியாததெல்லாம் சுவரில். ‘தொ-லோ-ரெ’ என்றால் வலி. அதை எழுதுவதற்கு முன்பே வார்டுக்கு மனப்பாடமாகிவிட்டது. அவரவருக்கு வேண்டிய சொல் அல்லவா.

அப்புறம்தான் பெரிய காரியம். சொல்வது ஒன்று, கேட்பது ஒன்று. அதுவரை சிஸ்டர் பேசுவது எங்கள் காதில் சரவெடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது, முதலும் தெரியாது முடிவும் தெரியாது. இப்போது அந்தச் சரத்தில் இடையிடையே ஒரு பெரிய வெடி கேட்க ஆரம்பித்தது. ஒரு சொல்லுக்கு ஒரு பெரிய வெடி. அதைப் பிடித்துக்கொண்டால், அதற்கு அடுத்து ஒன்று இரண்டு சின்னது விழுந்ததும் சொல் முடிகிறது. வெட்டி எடுத்துவிடலாம். வெட்டி எடுத்ததை அகராதியில் தேடலாம். எல்லாம் பிடிபடாது, பத்தில் மூன்று பிடிபடும். நோயாளிக்கு அது போதும் என்று நினைத்தேன். மதருக்குப் போதுமா என்றுதான் தெரியவில்லை.

முதல் வெள்ளி கழிந்து சனிக்கிழமை காலையிலேயே மதர் வந்துவிட்டார். பெரிய கார், மேலே கம்பிக் கூடை. கூடவே மடத்திலிருந்து ஒரு நர்ஸ். வந்ததும் வராததுமாக டிரைவர் சிஸ்டரின் தகரப் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துக் கயிறு போட்டுக் கட்டத் தொடங்கிவிட்டார். வெயிலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று உத்தரவு. அந்தக் கயிறு இறுகுகிற சத்தம் வார்டுக்குள் கேட்டது.

மதர் உள்ளே நுழைந்து நின்றார். சுவரைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். “என்ன இது கம்பவுண்டர், ஆஸ்பத்திரியா தீப்பெட்டிக் கம்பெனியா?”

“மதர், ஒரு நிமிஷம் பார்த்துட்டுக் கூட்டிட்டுப் போங்க” என்றேன்.

கேட்டேன். அவர் பாஷையிலேயே. தண்ணீர்? சிஸ்டர் வேண்டாம் என்றார். ஜன்னல்? திறக்கச் சொன்னார். தலையணை? உயர்த்தச் சொன்னார். செய்தோம். வார்டே மதர் முகத்தைப் பார்த்தது. மதர் மெல்லத் தலையசைத்தார். ஆனால் அது சம்மதம் இல்லை, அனுதாபம்.

“நல்லாத்தான் பழகியிருக்கீங்க. ஆனா கம்பவுண்டர், கிளிப்பிள்ளையும் இதைச் சொல்லும். நீங்க கேக்குறதுக்கு அவங்க பதில் சொல்றாங்க. அவங்களா ஒண்ணைச் சொன்னா உங்களுக்கு விளங்குமா? அதுதானே எனக்குத் தெரியணும்.”

அதற்குள் மடத்து நர்ஸ் சிஸ்டரைத் தூக்கி உட்காரவைக்கப் போனார். சிஸ்டர் முகத்தைச் சுளித்தார். ஏதோ சொன்னார், வேகமாக, ஒரே மூச்சில். ‘தொலோரெ’ காதில் விழுந்தது, வார்டு முழுக்க “வலி, வலிங்கிறாக” என்றது. எங்கே வலி? இன்னொரு சொல் இருந்தது, அதைச் சுவரில் எழுதியிருக்கவில்லை. நான் கேட்டதே இல்லை.

கட்டில் பக்கம் குனிந்து, அவசரப்படாமல் சொல்லுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினேன். அவர் மறுபடி சொன்னார். பெரிய வெடி நடுவில் விழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு சின்னது. முன்னால் ஒரு முட்டுகிற துண்டு, லகரம் இரண்டாய் நின்றது. தல்-லோ-னெ. நடுவில் அழுத்தம், அதாவது கடைசிக்கு முந்தினது, அதாவது புள்ளி இருக்காது. லேபிள்காரி அகராதியை மடியில் வைத்துத் தாள்களைத் தள்ளினாள். “டி… டி ஏ… எல் ரெண்டு இருக்கா அண்ணே? இருக்கு. இந்தா.” அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, எழுத்து வடிவம் தெரியும், லேபிள் பார்த்துப் பழகிய கண். நான் அவள் விரல் நின்ற வரியை வாசித்தேன். ‘ஹீல்’ என்று போட்டிருந்தது, செருப்புக் கடையில் கேட்ட சொல்.

“குதிகால்” என்றேன். “குதிகால் வலிக்குதுங்கிறாங்க மதர்.”

மதர் போர்வையை விலக்கினார். முதலில் வலது காலைப் பார்த்தார். விழுந்துபோன கால் அதுதானே, நாங்கள் தினமும் திருப்பிப் போட்டு, பவுடர் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததும் அதைத்தான். அதில் ஒன்றும் இல்லை. பிறகு இடது காலைத் தூக்கிப் பார்த்தார். நல்லாயிருக்கிற கால். அந்தக் காலை ஊன்றித்தான் சிஸ்டர் தம்மை மேலே மேலே தள்ளிக்கொள்வார். குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் செத்து, சுற்றிலும் சிவந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் புண் உள்ளே இறங்கியிருக்கும். ஓடுகிற காரில், குலுங்குகிற சாலையில் அந்தக் குதிகால் பட்டிருக்கும் பாட்டை மதர் நினைத்திருப்பார். காலைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“சுத்தத் தண்ணி கொண்டாங்க” என்றார் மெதுவாக. மடத்து நர்ஸ் கழுவினார், நான் மருந்து வைத்தேன், வார்டு அக்கா குதிகால் படாமலிருக்கப் பழைய சேலையைச் சுருட்டி வளையமாக அடியில் கொடுத்தார். சிஸ்டர் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினார். வலி இறங்கிய முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் வார்டுக்கு நல்லாத் தெரியும்.

மதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “சரி. சாயங்காலமானா நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. இந்தப் பொண்ணு கை ஆறினா ஊருக்குப் போயிடும். அப்புறம்?”

கடைசிக் கட்டிலில் முகத்துக் கட்டோடு படுத்திருந்த பெண், அந்த வாரம்தான் வந்தவள், கட்டுக்கு உள்ளிருந்தே சிஸ்டரைப் பார்த்துக் கேட்டாள். “தொலோரெ?” அழுத்தம் சரியாக நடுவில் விழுந்தது. பெரிய சிஸ்டர் கண் திறக்காமல், “நோ, நோ” என்றார். இன்னொருத்தி, தண்ணீர் வேண்டுமா என்று, “அக்குவ?” என்றாள். ஒருத்தி பால் வேண்டுமா என்று கேட்டாள். இந்தப் பக்கம் வார்டு அக்கா, அரைமணி நேரம் அழ வைத்த அதே சொல்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஸகரத்தைப் பின்னால் தள்ளி, “பி… நே… ஸ்த்ர?” என்று கேட்டுவிட்டார். சிஸ்டர் சிரித்தார். விழுந்த பிறகு நாங்கள் பார்த்த முதல் சிரிப்பு.

“நான் எங்கேயும் போகலையே மதர்” என்றார் வார்டு அக்கா. “இங்கனதான இருக்கேன். நம்ம ரெண்டு சின்னச் சிஸ்டர்மாரும் என்னைவிட நல்லாச் சொல்லுவாக. போறவுக போனா வர்றவுக படிச்சுக்குவாக, சுவத்துலதான் ஒட்டியிருக்குல்ல.”

மதர் சுவரில் இருந்த ஒரு லேபிளை அருகே போய்ப் பார்த்தார். பசை காயாத ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டினார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். நாங்கள் ஜன்னலுக்கு ஓடினோம். டிரைவர் வேப்பமர நிழலில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர், மதரைக் கண்டதும் அதைக் கீழே போட்டுக் காரின் கதவைத் திறந்து பிடித்தார். மதர் உள்ளே ஏறவில்லை. அந்தக் கதவுக்குக் கீழிருந்த படியில் ஒரு காலை ஊன்றி ஏறி நின்று, வெள்ளை அங்கியின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, தகரப் பெட்டியின் மேல் போட்டிருந்த முடிச்சைத் தம் கையாலேயே அவிழ்க்கத் தொடங்கினார்.